மூன்று வயதுக்கு ப்ரீ-கேஜி, ஃபோனிக்ஸ், மூளை வளர்ச்சி வகுப்பு: இதில் எது உண்மையிலேயே தேவை?

திருப்பூர் அம்மா கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். நானும் கணவரும் பனியன் கம்பெனியில்தான் வேலை. அவர் மெர்ச்சண்டைசிங், நான் அக்கவுண்ட்ஸ். மகளுக்கு வருகிற ஜூனில் 3 வயது முடிகிறது. பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் அபார்ட்மெண்டில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது வகுப்புக்குப் போகிறார்கள். காலையில் ப்ரீ-கேஜி, வருடத்துக்கு 48,000 ரூபாய், வேன் காசு தனி. மாலையில் வாரத்துக்கு மூன்று நாள் ஃபோனிக்ஸ், அதாவது எழுத்துகளின் ஒலியை வைத்து இங்கிலீஷ் படிக்கச் சொல்லிக்கொடுப்பது, மாதம் 2,200. ஞாயிற்றுக்கிழமை மூளை வளர்ச்சி வகுப்பு என்று ஒன்று. படம் போட்ட அட்டைகளை மளமளவென்று காட்டுகிறார்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு முழு வருடப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். "5 வயதுக்குள் மூளை 90 சதவீதம் வளர்ந்துவிடும், இப்போது விட்டால் அப்புறம் எத்தனை லட்சம் செலவழித்தாலும் பிடிக்க முடியாது" என்று டெமோ வகுப்பில் சொன்னார்கள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மாமியார், "ஐந்து வயது வரைக்கும் வீட்டில் இருக்கட்டும், நான் மூன்று பேரை வளர்த்தவள்தானே" என்கிறார். கணவரோ எல்கேஜி சேர்க்கும்போது மற்ற பிள்ளைகளைவிடப் பின்தங்கிவிடுவாளோ என்று பயப்படுகிறார். மகள் நன்றாகப் பேசுகிறாள். நிறங்கள் தெரியும். பத்து வரை சொல்வாள். பென்சில் பிடிக்க இன்னும் வரவில்லை. அடுத்த தெருவில் அங்கன்வாடி இருக்கிறது, ஆனால் எங்கள் கட்டடத்திலிருந்து யாரும் அங்கே அனுப்புவதில்லை.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வகுப்புகளால் உண்மையிலேயே பலன் உண்டா? பிள்ளைகளை அனுப்பிச் சில வருடம் ஆனவர்கள், அனுப்பாதவர்கள், இரண்டு பேருமே சொன்னால் நன்றாக இருக்கும்.

பீளமேடு அப்பா:

என் மகன் இப்போது மூன்றாம் வகுப்பு. எல்கேஜி பாதியில் ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்த்தோம், அப்போது நாலரை வயது. எழுத்தின் ஒலியைக் கற்றுக்கொண்டு, யூகேஜியிலேயே சின்னச் சின்ன இங்கிலீஷ் புத்தகங்களைத் தானாகப் படித்தான். அவனுக்கும் ரொம்பப் பெருமை. எனக்கு அதில் திருப்திதான். ஆனால் இரண்டாம் வகுப்பு முடியும்போது பார்த்தால், வகுப்புக்கே போகாத அவனுடைய நண்பர்களும் அதே புத்தகத்தை அதே வேகத்தில் படித்தார்கள். முந்திக்கொண்டது நிஜம், அந்த முந்தல் நீடிக்கவில்லை.

3 வயதில் ஃபோனிக்ஸ் வேண்டாம் என்பது என் கருத்து. நாலரைக்கு மேல், பிள்ளையே "இது என்ன எழுத்து" என்று கேட்க ஆரம்பித்த பிறகு சேர்த்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். மணிகள் கோத்த சட்டத்தை வைத்துக் கணக்குப் போடும் அபாகஸ் வகுப்பும் அப்படியே. ஐந்து மணிகள் என்றால் எவ்வளவு என்று கையில் எண்ணித் தெரியாத பிள்ளைக்கு அந்த மணிச்சட்டம் வெறும் விளையாட்டுச் சாமான்.

வேளச்சேரியிலிருந்து:

நான் ப்ரீ-கேஜி பக்கம்தான் பேசுவேன். எங்களுக்குச் சென்னையில் சொந்தம் என்று யாரும் இல்லை. மூன்றாவது மாடி வீடு. நான் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்க, பையன் பாதி நாள் போன்தான் பார்த்தான். இரண்டரை வயதாகியும் கொஞ்சம் வார்த்தைகள்தான் பேசுவான், வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். பையன்கள் லேட்டாகத்தான் பேசுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ப்ரீ-கேஜி சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அங்கிருந்த டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, முதலில் காது பாருங்கள்" என்றார். பார்த்ததில் இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. சிகிச்சை, அப்புறம் பேச்சுப் பயிற்சி. இப்போது வாயை மூடுவதில்லை. ஏபிசிடி சொல்லிக் கொடுத்ததற்காக அந்தப் பள்ளிக்கு நான் நன்றி சொல்லவில்லை. நிறையப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய ஒரு கண் என் பிள்ளையைக் கவனித்ததே, அதற்காகச் சொல்கிறேன்.

இதுபோல் சந்தேகம் இருப்பவர்கள் தனியாருக்கு ஓடும் முன் மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று விசாரியுங்கள். குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்துக்கு என்றே இருக்கிற மையம், இலவசம்.

பெங்களூரிலிருந்து ஒருவர்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் அரசு நடத்திய இலவச ப்ரீ-கே திட்டத்தை, அதாவது பள்ளிக்கு முந்தைய வகுப்பை, நீண்ட நாள் ஆய்வு செய்தார்கள். ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் 2,990 பேர். இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் எடுத்தார்கள், அதனால் ஒப்பீடு சரியாக இருக்கும். வருட முடிவில் ப்ரீ-கே போன பிள்ளைகள்தான் முன்னால் இருந்தார்கள். ஆறாம் வகுப்பில் பார்த்தால் அவர்களுக்கே மதிப்பெண் குறைவு, ஒழுங்கு நடவடிக்கைகளும் அதிகம். 2022இல் வெளியான முடிவு இது. பாட்டி பார்த்துக்கொள்கிற பிள்ளையை எதற்கு அனுப்ப வேண்டும்? பின்லாந்தில் பள்ளியே 7 வயதில்தான் ஆரம்பம். உங்கள் மாமியார் சொல்வதே சரி.

ஒன்றாம் வகுப்பு டீச்சர், ஒட்டன்சத்திரம் பக்கம்:

தங்கச்சி, நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பணியில் சேர்ந்ததிலிருந்து பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புதான், நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். வட்டார வள மையத்தில் மற்ற ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கப் போவதால் இந்த ஆய்வுகளையும் படிக்க வேண்டி வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஜூனிலும் என் வகுப்புக்கு மூன்று விதமாகப் பிள்ளைகள் வருகிறார்கள். தனியார் நர்சரியில் யூகேஜி வரை படித்துவிட்டு, பீஸ் கட்ட முடியாமல் இங்கே மாறி வருபவர்கள். அங்கன்வாடியிலிருந்து வருபவர்கள். அப்புறம் எங்கேயும் போகாமல் நேராக வீட்டிலிருந்து, அல்லது அப்பா அம்மா வேலை பார்க்கும் செங்கல் சூளையிலிருந்து வருபவர்கள். முதல் வாரம் நான் எழுதச் சொல்வதில்லை. ஒரு டப்பாவில் புளியங்கொட்டை வைத்திருப்பேன். "எனக்கு ஐந்து கொட்டை எடுத்துக் கொடு" என்பேன். ஒன் டூ த்ரீ என்று நூறு வரை மூச்சு விடாமல் சொல்கிற பிள்ளை கை நிறைய அள்ளிக் கொடுக்கும். இருபதுகூடத் தாண்டத் தெரியாத இன்னொரு பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்தி, ஐந்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கும். கணக்கு இந்த இரண்டாவது பிள்ளையிடம்தான் ஆரம்பித்திருக்கிறது. நவம்பர் டிசம்பரில் கூட்டல் வரும்போது யார் சிரமப்படுகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லத் தெரிந்ததையும் புரிந்துகொண்டதையும் இந்த விளம்பரங்கள் ஒன்றாக்கிவிடுகின்றன. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அந்த 90 சதவீதக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன், அதுதானே உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது. 5, 6 வயதில் மூளையின் அளவு பெரியவர்களின் மூளையில் ஏறக்குறைய 90 சதவீதம் ஆகிவிடும் என்பது உண்மை. அது அளவைப் பற்றிய கணக்கு மட்டும். திட்டமிடவும் பொறுமையாக யோசிக்கவும் உதவுகிற முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கும். ஐந்து வயதோடு கதவு எதுவும் சாத்தப்படுவதில்லை. இந்தச் சின்ன வயது முக்கியமில்லையா என்றால், ரொம்பவே முக்கியம். அந்த வளர்ச்சிக்குத் தீனி என்று பார்த்தால் நல்ல சாப்பாடு, தூக்கம், பயமில்லாத வீடு, முகம் பார்த்துப் பேசுகிற மனிதர்கள். பேசாமல் அட்டை காட்டுவது அந்தப் பட்டியலில் எங்கேயும் வராது. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வருடப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே கேட்கும் இடத்தில் பாதியில் பிடிக்கவில்லை என்று நிறுத்தினால் அதைத் திரும்ப வாங்குவதும் பெரும் பாடு.

இனி பெங்களூர்த் தம்பி சொன்னது. டென்னசி ஆய்வு நல்ல ஆய்வு, நானும் பயிற்சியில் சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. அதே அமெரிக்காவில் மிச்சிகனில் இப்சிலான்டி என்ற ஊரில் 1962இலிருந்து பெர்ரி பள்ளித் திட்டம் என்று ஒன்று நடந்தது. ரொம்ப ஏழ்மையான கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேர். அதில் 58 பேருக்கு 3, 4 வயதில் காலை இரண்டரை மணி நேரம் பள்ளி. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஒருவருக்குச் சில பிள்ளைகள்தான். அதோடு வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே போய் அம்மாவோடு உட்கார்ந்து பேசுவார். அந்தப் பிள்ளைகளின் ஐ.க்யூ. முதலில் ஏறியது, சில வருடங்களில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. பீளமேடு அப்பா சொன்ன அதே கதைதான், முந்தல் நிற்கவில்லை. ஆனால் அவர்களை 40 வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், கூடுதலாகச் சம்பாதித்தவர்கள் அந்தக் குழுவில்தான் அதிகம். போலீஸில் மாட்டியவர்கள் குறைவு. ஏபிசிடியா அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது? திட்டம் போட்டு விளையாடியது, விளையாடியதைப் பற்றிப் பேசியது, சண்டையைச் சொல்லால் தீர்க்கப் பழகியது, வீட்டில் அம்மாவும் கூடச் சேர்ந்தது. நான் படித்த வரையில் காரணம் இவைதான். டென்னசி வகுப்புகளில் பிள்ளைகளை மொத்தமாக உட்காரவைத்து டீச்சர் மட்டும் பேசிய நேரமே அதிகம் என்று ஆய்வு செய்தவர்களே கவலைப்பட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவை விடுங்கள், நம் ஊர் விஷயம் ஒன்று இருக்கிறது, அது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடி மையங்களை எடுத்து, குலுக்கலில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பணியாளரை, அரை நாள் வேலைக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்றே போட்டார்கள். வேறு பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் அந்த மையங்களில் பிள்ளைகளோடு செலவிட்ட கற்பித்தல் நேரம் இரண்டு மடங்கு. கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். பழைய பணியாளருக்கும் கொஞ்சம் நேரம் கிடைத்ததால் ஊட்டச்சத்து வேலையும் நன்றாக நடந்து, வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் குறைந்தார்கள். புதிதாக வந்தவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை, உள்ளூர்ப் பெண்கள். ஏசி அறையும் ஸ்மார்ட் போர்டும் இல்லாமல் இது நடந்தது. பிள்ளையோடு உட்கார ஒரு ஆளுக்கு நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் என் கருத்து இது. 3 வயது முடிந்த பிறகு காலையில் மூன்று மணி நேரம், வேறு பிள்ளைகளோடு, நல்ல ஒரு பெரியவர் கவனிப்பில் இருக்கும் இடத்துக்கு அனுப்புவது நல்லது. பாட்டி எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாலும், தன் முறை வரும் வரை காத்திருப்பது, பொம்மையை விட்டுக்கொடுப்பது, அழுகிற இன்னொரு பிள்ளையைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவள் வயசுப் பிள்ளைகளிடம்தான் வரும். மாலை நேரப் பாடவகுப்பு இந்த வயதுக்கு வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, 3, 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 3 மணி நேரம் ஓட்டம் ஆட்டம், மதியத் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் உறக்கம், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்குள். காலையில் பள்ளி, மதியம் தூக்கம் போக ஓடியாட மிச்சமிருப்பது மாலைதான். அதையும் ஃபோனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளை எப்போது ஓடும்?

எந்த ப்ரீ-கேஜி என்று கேட்பீர்கள். விளம்பர நாளில் போகாதீர்கள், சாதாரண செவ்வாய் புதனில் காலை பதினொரு மணிக்குப் போய், ஒரு வகுப்பை அரை மணி நேரம் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். உள்ளே போனதும் யார் குரல் கேட்கிறது என்று கவனியுங்கள். டீச்சர் குரல் மட்டும் கேட்டால் எனக்குச் சரிப்படாது. சாமான்கள் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, அலமாரியில் பூட்டிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களா? கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள், அதன் தாழ்ப்பாள் எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி திறந்து கிடக்கிறதா? கேட்க வெட்கப்படாதீர்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்படி விளையாட்டுப் பள்ளியில் 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியரும் ஒரு உதவியாளரும் இருக்க வேண்டும், 3 வயது முடியாத பிள்ளையைச் சேர்க்கவே கூடாது. "இப்போதே சேருங்கள், இடம் போய்விடும்" என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள். அப்புறம், பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஏப்ரலில் மூன்று வயதுப் பிள்ளையின் நோட்டு முழுக்க ஒரே எழுத்து வரிவரியாக இருந்தால் அந்த இடம் வேண்டாம். தேர்வு வைப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். முன்பருவக் கல்விக்கு என்.சி.இ.ஆர்.டி. 2019இல் வெளியிட்ட வழிகாட்டியே இந்த வயதில் எழுத்துத் தேர்வும் கூடாது, வாய்மொழித் தேர்வும் கூடாது என்கிறது.

பென்சில் பிடிக்கவில்லை என்ற கவலையை இன்றோடு விடுங்கள். மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. 3 வயதில் அதில் பாதிகூட எலும்பாக இறுகியிருக்காது, இன்னும் மெத்தென்ற குருத்தெலும்பாகவே இருக்கும். என் வகுப்பில் பென்சிலைக் கை முழுக்க இறுக்கிப் பிடித்து, இரண்டு வரி எழுதியதும் வலிக்கிறது என்று கையை உதறும் பிள்ளைகளில் பல பேர் சீக்கிரமே எழுதவைக்கப்பட்டவர்கள். அந்தப் பிடியை மாற்றப் படும் பாடு, புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடப் பெரியது. விரலுக்கு வேலை கொடுங்கள், போதும். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை, பச்சைப் பட்டாணி உரிக்க, துணி கிளிப் மாட்ட, வாசலில் உங்கள் மாமியார் கோலம் போடும்போது பக்கத்தில் ஒரு பிடி கோலமாவு. கொட்டை, மணி, சோழி மட்டும் ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான். மூக்கில் காதில் போட்டுக்கொள்வார்கள். கொஞ்சம் பெரியவள் ஆனதும் பல்லாங்குழி எடுத்துக் கொடுங்கள். குழிக்கு ஐந்தைந்தாகப் போட்டு, ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போகிற ஆட்டத்தில் நான் ஒன்றாம் வகுப்பில் படாத பாடு பட்டுச் சொல்லிக்கொடுக்கும் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

திருப்பூரிலும் மாண்டிசோரி என்று போர்டு போட்ட பள்ளிகள் நிறைய இருக்கும். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்தப் பயிற்சி பெற்ற நல்ல பள்ளிகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன, எனக்கு அந்த முறை மேல் ரொம்ப மரியாதை. ஆனால் அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமானதில்லை, யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்திருக்கிறார்களா, மணி அடிக்காமல் நீண்ட நேரம் தான் எடுத்த வேலையைச் செய்ய விடுகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் போர்டில் மட்டும்தான் மாண்டிசோரி.

திருப்பூர் அம்மா:

டீச்சர், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கணவருக்கும் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை என்று முடிவாகிவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்க்கப்போகிறோம், அதற்காக இப்போதே வீட்டில் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று ஒரு பள்ளியில் சொன்னார்கள். மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது, "அப்படியானால் நான் பேத்தியிடம் பேசவே கூடாதா" என்று கண் கலங்கிவிட்டார். இரண்டாவது, அங்கன்வாடியைப் பற்றி நீங்கள் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தைரியமாக அனுப்பலாமா?

வேளச்சேரியிலிருந்து:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். என் பையனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே சொன்னது, "உங்களுக்கு எந்த மொழியில் சிரிக்கவும் கொஞ்சவும் வருமோ அதிலேயே பேசுங்கள்." நாங்கள் அதுவரை "கம் மா, சிட் மா" என்று துண்டு துண்டாக இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தோம். தமிழில் முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் அவனும் வாக்கியமாகப் பேசினான்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர், ஒட்டன்சத்திரம் பக்கம்:

தங்கச்சி, உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அந்த வீட்டிலேயே பேத்திக்குப் பெரிய பள்ளிக்கூடம் அவர்தான். கதை, விடுகதை, சமைக்கும்போது "இது சீரகம், இது சோம்பு, மோந்து பார்" என்கிற பேச்சு, ஊரில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்கிற பேச்சு, இதெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை எந்த மொழியையும் பிடித்துக்கொள்ளும். ஒரு மொழியில் "ஏன்", "அதனால்", "ஒருவேளை" என்று யோசிக்கத் தெரிந்துவிட்டால் அடுத்த மொழிக்குச் சொற்கள்தான் புதிது, யோசனை புதிதில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கையோடு எனக்கு ஒத்துப்போகாத இடங்கள் உண்டு, ஆனால் முடிந்த இடத்திலெல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்வது சரியான விஷயம். இங்கிலீஷ் பாட்டு நாலு கேட்கட்டும், படப் புத்தகம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அது சந்தோஷமாக நடக்கட்டும். பாட்டியின் வாயை மூடச் சொல்கிற பள்ளியை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அங்கன்வாடி மையத்துக்கு மையம் வித்தியாசம் இருக்கிறது, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். என் பள்ளிக்குப் பக்கத்து மையத்தில் பணியாளர் அவ்வளவு அழகாக நடத்துவார். பாட்டு, களிமண், ஒவ்வொரு பிள்ளையும் கை கழுவி உட்கார்ந்து சூடாகச் சாப்பாடும் முட்டையும் சாப்பிடுவதைப் பார்த்தால் உங்களுக்கே ஆசை வரும். இன்னொரு மையத்தில் ஒரே ஆள் பதிவேடு எழுதி, செல்போனில் விவரம் ஏற்றி, எடை பார்த்து, கர்ப்பிணிகளைக் கவனித்து, மிச்ச நேரத்தில்தான் பிள்ளைகளிடம் வர முடிகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருக்கிறோம். அதனால்தான் அந்த 640 மையங்களின் கதையை எங்கே போனாலும் சொல்கிறேன். தனியார் பள்ளிக்குச் சொன்ன அதே முறைதான் இங்கேயும், பதினொரு மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு உதவியாளர் இருக்கிறாரா, சமைப்பது தவிர அவரும் பிள்ளைகளோடு இருக்கிறாரா, எத்தனை பிள்ளைகள் உண்மையில் வருகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பகுதி அரசு நடுநிலைப் பள்ளியிலும் விசாரியுங்கள். 2019இல் பள்ளி வளாகத்தில் இருக்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள், அடுத்த வருடத்துக்கு அது உதவும். மையம் நன்றாக இருந்தால் தைரியமாக அனுப்பலாம். மிச்சமாகும் பணத்தில் மாதம் இரண்டு கதைப் புத்தகமும், மாலையில் ஓட ஒரு நல்ல இடத்துக்கு ஆட்டோ காசும் தாராளமாக வரும்.

எங்கே சேர்த்தாலும் முதல் இரண்டு வாரம் அழுவாள், அது இயல்பு. விளையாட்டுக் காட்டிவிட்டுச் சொல்லாமல் நழுவி வராதீர்கள், அப்புறம் நீங்கள் குளியலறைக்குப் போனாலும் பயப்படுவாள். "சாப்பிட்டு முடிச்சதும் பாட்டி வருவாங்க" என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் பாட்டி வாசலில் நிற்க வேண்டும். முதல் சில நாள் ஒரு மணி நேரம் மட்டும் விடுகிறோம் என்று பள்ளியிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். அவளுடைய ஒரு துணியோ பொம்மையோ கூட எடுத்துப்போக விடுவார்களா என்றும் கேளுங்கள். ஒரு மாதம் தாண்டியும் காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்றால், அல்லது நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி ஆரம்பித்தால், அடம் என்று விட்டுவிடாமல் வகுப்பில் போய்ப் பாருங்கள். ஜூன் வரைக்கும் நேரம் இருக்கிறது, இரண்டு மூன்று இடம் பார்த்துவிட்டு என்ன பார்த்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன்.